பிக்சல் 6ஏ-யா, கேலக்ஸி எஸ்21 எஃப்இ-யா? முதலில் பேட்டரியின் வயதைக் கேளுங்கள்

அம்மாவுக்கு ஒரு போன் வேண்டும், புதிதாக வாங்க இப்போதைக்கு வழியில்லை, கைமாறி வரும் கூகுள் பிக்சல் 6ஏ ஒன்றும் சாம்சங் கேலக்ஸி எஸ்21 எஃப்இ ஒன்றும் ஏறக்குறைய ஒரே விலையில் கிடைக்கின்றன, எதை எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மாவின் தேவைகளையும் சேர்த்து எழுதியது நல்லதாகப் போயிற்று: வீடியோ கால், பேரப்பிள்ளைகளைப் படம் எடுப்பது, வங்கி ஆப், படுக்கப் போகும் முன் கொஞ்சம் வாசிப்பு. இரண்டு சிம் வைத்திருக்கிறார். மூன்று வருடமாவது ஓட வேண்டும் என்கிறீர்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிறுவனத்தின் வழியாகவே பேட்டரி மாற்றி, அதற்கான ரசீதோடு வருகிற பிக்சல் 6ஏ என்றால் அதை எடுங்கள். ரசீது இல்லையென்றால் எஸ்21 எஃப்இ எடுங்கள்; ஆனால் அதற்குப் புது பேட்டரி போடும் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். கேமரா, திரை, வேகம் என்று எல்லோரும் ஒப்பிடுகிற விஷயங்கள் இதற்கு அடுத்துத்தான் வருகின்றன.

தாளில் மட்டும் பார்த்தால் எஸ்21 எஃப்இ-தான் மேல். 2022 ஜனவரியில் வந்தது. 6.4 அங்குல அமோலெட் (ஓலெட் வகை) திரை, நொடிக்கு 120 முறை புதுப்பிக்கும். 4500 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி, 25 வாட் சார்ஜிங், கம்பியில்லா சார்ஜிங், ஐபி68 நீர்த்தடுப்பு, மூன்று மடங்கு ஜூம் தரும் தனி லென்ஸ். பிக்சல் 6ஏ அதே வருடம் ஜூலையில் விற்பனைக்கு வந்தது. 6.1 அங்குல ஓலெட் திரை, 60 முறைதான். 4410 மில்லி ஆம்பியர் மணி, 18 வாட் சார்ஜிங், ஐபி67. கம்பியில்லா சார்ஜிங்கும் இல்லை, ஜூம் லென்ஸும் இல்லை. எடையில் இரண்டுக்கும் ஒரு கிராம்தான் வித்தியாசம். இரண்டிலுமே மெமரி கார்டு போட இடமில்லை, பழைய வகை இயர்போன் துளையும் இல்லை.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் போன் பெட்டியிலிருந்து வெளியே வந்த அன்றைக்கு உரியது. உங்கள் கைக்கு வரப்போவது பல வருடம் உழைத்த பொருள். சிப் கிட்டத்தட்ட அன்றிருந்த மாதிரியே இருக்கும், கேமரா சென்சாரும் அப்படித்தான். தேய்ந்திருப்பது பேட்டரி. லித்தியம் பேட்டரியை இரண்டு விஷயங்கள் தேய்க்கின்றன. ஒன்று, எத்தனை முறை சார்ஜ் ஏறி இறங்கியது என்பது. இன்னொன்று, சும்மா இருந்தாலும் ஓடுகிற காலம். அதிலும் சூட்டில், நூறு சதவீதம் நிரம்பிய நிலையில் கிடந்தால் இன்னும் வேகமாகக் கெடும். அதனால் "அலமாரியிலேயே இருந்தது, பயன்படுத்தவே இல்லை" என்று யாராவது சொன்னால் அதை முழு நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு போனும் 20 சதவீதக் கொள்ளளவை இழந்திருந்தால் மிஞ்சுவது 3528-ம் 3600-ம். பெட்டியில் அச்சிட்ட 90 மில்லி ஆம்பியர் மணி வித்தியாசத்துக்கு அங்கே பொருளே இல்லை. எந்த பேட்டரி எவ்வளவு கவனமாக நடத்தப்பட்டது என்பதுதான் மிச்சம்.

இதில் பிக்சல் 6ஏ-க்கென்று தனிக் கதை ஒன்று உண்டு. விற்பவர்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை. அவர்களுக்கே தெரியாமலும் இருக்கலாம். 2025 ஜூலையில் கூகுள் இந்த மாடலுக்கு ஒரு கட்டாய அப்டேட் அனுப்பியது. 6ஏ போன்களில் ஒரு பகுதிக்கு பேட்டரி அளவுக்கு மீறிச் சூடாகும் ஆபத்து இருப்பதாகச் சொல்லி, அந்த போன்களில் பேட்டரி 400 சார்ஜ் சுழற்சியைத் தாண்டியதும் கொள்ளளவையும் சார்ஜ் ஏறும் வேகத்தையும் மென்பொருள் வழியாகவே குறைத்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு சில நாடுகளில் இலவசமாகப் பேட்டரி மாற்றித் தரவும், இல்லையென்றால் ஈடாக ஒரு தொகை தரவும் ஒரு திட்டத்தை அறிவித்தது.

400 சுழற்சி என்பது பெரிய எண் அல்ல. சுழற்சி என்றால் மொத்தமாக நூறு சதவீதம் செலவாவது. இன்றைக்கு ஐம்பது, நாளைக்கு ஐம்பது என்றால் இரண்டு நாளும் சேர்த்து ஒன்று. தினமும் ஒரு முழு சார்ஜ் செலவழிக்கிறவர் ஒரு வருடமும் கொஞ்ச நாளும் ஆனதும் அந்த எல்லையைத் தாண்டிவிடுவார். ஆகவே ஆபத்துப் பட்டியலில் இருந்து, பேட்டரி மாற்றப்படாமல் வருகிற 6ஏ, இந்நேரம் பெரும்பாலும் குறைக்கப்பட்ட நிலையில்தான் ஓடிக்கொண்டிருக்கும். அந்த அப்டேட்டைப் போடாமல் யாராவது தப்பித்து வைத்திருந்தால் அது அதைவிட மோசம். அந்த போனை அம்மாவின் தலையணைக்குப் பக்கத்தில் சார்ஜில் வைக்க விடாதீர்கள்.

நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் அண்ணன் வைத்திருந்த ஒரு பழைய போனில் இதைக் கண்ணால் பார்த்தேன். வேறொரு நிறுவனத்தின் மாடல் அது. பின்மூடி ஓர் ஓரமாக மெல்லத் தூக்கிக்கொண்டு வந்தது. பசை விட்டுவிட்டது என்று நினைத்து ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிப் பல நாள் பயன்படுத்தியிருக்கிறார். உள்ளே பேட்டரி உப்பியிருந்தது. நல்ல வேளையாக ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து யார் பழைய போனைக் கொண்டு வந்தாலும் முதலில் அதை மேசையில் மல்லாக்க வைத்து ஆடுகிறதா என்று பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

இதே கதைக்கு மறுபக்கமும் இருக்கிறது. கூகுளின் அந்தத் திட்டத்தில் பேட்டரி மாற்றிக்கொண்ட ஒரு 6ஏ, பழைய போன்களில் அபூர்வமான பொருள்: மற்றதெல்லாம் பழசு, தேய்கிற பாகம் மட்டும் புதுசு, அதுவும் போலி இல்லை. அதனால்தான் ரசீதை அவ்வளவு வற்புறுத்துகிறேன். ரசீது இல்லாமல் "மாற்றியாச்சு" என்று சொன்னால், எங்கே மாற்றினார்கள், என்ன பேட்டரி போட்டார்கள் என்று கேளுங்கள். தெளிவான பதில் வரவில்லை என்றால் மாற்றவில்லை என்றே கணக்கு வையுங்கள். இன்னொன்று, பேட்டரி மாற்றத் திறந்த எந்த போனிலும் பழைய நீர்த்தடுப்பு அப்படியே இருக்கும் என்று நம்ப வேண்டாம். திறக்காத போனிலும் அந்த ரப்பரும் பசையும் வயதாகி இறுகிப்போயிருக்கும். ஐபி67, ஐபி68 என்ற எண்களை இந்த வயதில் மறந்துவிடலாம்.

எஸ்21 எஃப்இ-யின் பேட்டரிக்கு இப்படி ஒரு வரலாறு இல்லை, வயது மட்டும் உண்டு. சாம்சங் மெம்பர்ஸ் ஆப்பில் சோதனைப் பகுதிக்குப் போனால் பேட்டரியின் நிலையை நல்லது, பலவீனம் என்கிற மாதிரி சொல்லும். அது துல்லியமான அளவு இல்லை, ஆனாலும் பலவீனம் என்று அதுவே சொன்னால் பேரம் பேச அதைவிட வலுவான சான்று கிடைக்காது.

அடுத்தது அப்டேட். நீங்கள் மூன்று வருடம் என்று சொன்னதால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பிக்சல் 6ஏ-க்குப் பாதுகாப்பு அப்டேட் 2027 ஜூலை வரை. தொடக்கத்தில் புதிய ஆண்ட்ராய்டு பதிப்புகள் 2025 ஜூலையோடு நின்றுவிடும் என்றிருந்தது. 2024 டிசம்பரில் கூகுள் அதை மாற்றி, பிக்சல் 6, 7 வரிசைகளுக்கும் ஐந்து வருடம் என்று நீட்டியது. எஸ்21 எஃப்இ ஆண்ட்ராய்டு 12-ஓடு வந்தது. சாம்சங் வாக்களித்தது நான்கு பதிப்பு உயர்வு, ஐந்து வருடப் பாதுகாப்பு அப்டேட். அதாவது ஆண்ட்ராய்டு 16 வரைக்கும், காலத்தில் பார்த்தால் 2027-இன் தொடக்கம் வரைக்கும். சாம்சங்கில் போனுக்கு வயதாக ஆக, மாதா மாதம் வந்த அப்டேட் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று குறையும். எனவே இந்த ஒரு விஷயத்தில் பிக்சலுக்குச் சுமார் அரை வருடம் முன்னிலை.

பாதுகாப்பு அப்டேட் என்ன பெரிய விஷயம் என்று சிலர் கேட்பார்கள். 2023 மார்ச்சில் நடந்ததைச் சொல்கிறேன். கூகுளின் புராஜெக்ட் ஜீரோ என்ற ஆய்வுக் குழு, சாம்சங் தயாரித்த, போனை மொபைல் வலையமைப்போடு இணைக்கும் எக்ஸினோஸ் மோடங்களில் 18 ஓட்டைகளைக் கண்டுபிடித்ததாக வெளியிட்டது. அவற்றில் நான்கு படுமோசமானவை. உங்கள் தொலைபேசி எண் மட்டும் தெரிந்தால் போதும், நீங்கள் எதையும் தொடாமலேயே, எந்த இணைப்பையும் சொடுக்காமலேயே, போனின் மோடத்துக்குள் நுழைந்துவிட முடியும். அந்தப் பட்டியலில் பிக்சல் 6 வரிசையும் இருந்தது. திருத்தம் வந்து சேரும் வரை வைஃபை காலிங்கையும் 4ஜி வழியாகப் பேசும் வோல்ட்டியையும் அணைத்து வைக்கச் சொன்னார்கள். அப்டேட் வந்தது, பிரச்சினை தீர்ந்தது. அப்டேட் நின்றுபோன போனில் இப்படி ஒன்று வந்தால் அது அப்படியே இருக்கும்.

அதே நேரம், அப்டேட் நின்ற மறுநாளே போன் குப்பை ஆகிவிடும் என்று பயப்படவும் வேண்டாம். குரோம், ஆப்களுக்குள் இணையப் பக்கத்தைக் காட்டும் வெப்வியூ, பிளே சேவைகள் எல்லாம் பிளே ஸ்டோர் வழியாகத் தொடர்ந்து புதுப்பிக்கப்படும். ஆண்ட்ராய்டு 10-இலிருந்து அமைப்பின் சில பகுதிகளும் அதே வழியில்தான் வருகின்றன. நிற்பது அமைப்பின் மையப் பகுதியான கெர்னல், மோடம், சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவர்கள் ஆகியவற்றின் திருத்தம். ஆண்ட்ராய்டு 16-இல் வங்கி ஆப் இன்னும் பல வருடம் ஓடும். ஆனால் நீங்கள் கேட்ட மூன்று வருடத்தில் ஒரு பகுதி இந்தத் திருத்தம் இல்லாமல்தான் கழியும், எந்த போனை எடுத்தாலும். அந்தக் காலம் வரும்போது வங்கி ஆப்பில் இணைத்த கணக்கில் அன்றாடச் செலவுக்கான பணம் மட்டும் இருக்கும்படி வைத்துவிடுங்கள். மூன்று வருடமும் முழுப் பாதுகாப்பு வேண்டும் என்பதில் நீங்கள் உறுதியாக இருந்தால், இரண்டையும் விட்டுவிட்டு இவற்றைவிடப் புதிய மாடல் ஒன்றுக்குச் சேமிப்பதுதான் சரி.

வேகத்தைப் பற்றி நிறையப் பேச மாட்டேன். பிக்சலில் கூகுள் டென்சர். எஸ்21 எஃப்இ-யில் விற்ற இடத்தைப் பொறுத்து ஸ்னாப்டிராகன் 888 அல்லது எக்ஸினோஸ் 2100. மூன்றும் சாம்சங்கின் அதே 5 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்டவை, மூன்றும் சூடாவதற்குப் பேர்போனவை. அம்மாவின் வேலைக்கு மூன்றுமே தாராளம். கிடைத்தால் ஸ்னாப்டிராகன் உள்ளதை எடுங்கள். வன்பொருள் விவரம் காட்டும் இலவச ஆப் ஒன்றைப் போட்டால் எந்த சிப் என்று தெரிந்துவிடும். அதைவிட முக்கியம் ரேம். பிக்சலில் 6 ஜிபி மட்டும்தான். எஸ்21 எஃப்இ 6-லும் வரும் 8-லும் வரும். சாம்சங்கின் மென்பொருள் கொஞ்சம் கனமானது என்பதால் 8 ஜிபி உள்ளதையே தேடுங்கள். சேமிப்பிடம் பிக்சலில் 128 ஜிபியோடு சரி. பேரப்பிள்ளைகளின் வீடியோவை அழிக்க மனம் வராத அம்மா என்றால் 256 ஜிபி எஸ்21 எஃப்இ-க்கு இங்கே ஒரு மதிப்பெண்.

கேமராவில் என் மனம் பிக்சல் பக்கம். அதில் இருக்கும் 12.2 மெகாபிக்சல் சென்சார் 2018-இன் பிக்சல் 3 காலத்திலிருந்து வருவது. சென்சார் பழசானாலும் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக இணைக்கும் கூகுளின் முறை அதிலிருந்து நல்ல வேலை வாங்குகிறது. மங்கலான அறையில் ஓடியாடும் குழந்தையை நின்று நிதானித்து எடுக்க முடியாது. எடுத்து நீட்டிப் பொத்தானை அழுத்தினால் முகம் முகமாக வர வேண்டும், தோலின் நிறம் வெளுத்துப்போகக் கூடாது. பிக்சல் இதைக் கேட்காமலே செய்கிறது. எஸ்21 எஃப்இ பகல் வெளிச்சத்தில் நிறத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டும், பலருக்கு அது பிடிக்கும். பள்ளி விழாவில் மேடையில் நிற்கும் பிள்ளையைத் தூரத்திலிருந்து எடுக்க அதன் ஜூம் லென்ஸ் உண்மையிலேயே உதவும். அங்கே பிக்சல் தோற்கும். செல்ஃபி கேமராவில் 32 மெகாபிக்சலுக்கு எதிரே 8 மெகாபிக்சல் என்று பெரிய வித்தியாசம் போலத் தெரியும். வீடியோ காலில் இணையத்தின் வேகம்தான் படத்தின் தரத்தைத் தீர்மானிக்கிறது, அதனால் இதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

வாசிப்புக்கு எஸ்21 எஃப்இ நல்லது. எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொள்கிறவர்களுக்கு 6.1-க்கும் 6.4-க்கும் இடையே உள்ள வித்தியாசம் சின்னது இல்லை, ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று வரி கூடுதலாகத் தெரியும். சாம்சங்கில் ஐகான்களையும் எழுத்தையும் ஒரே தட்டில் பெரிதாக்கும் எளிய முறையும் இருக்கிறது.

சிம் விஷயத்தைப் பலர் வாங்கிய பிறகுதான் கவனிக்கிறார்கள். பிக்சல் 6ஏ-யில் கையால் செருகும் சிம் ஒன்றுதான். இரண்டாவது இ-சிம்மாக இருக்க வேண்டும். அம்மாவின் சிம் நிறுவனங்களில் ஒன்றாவது இ-சிம் (கையால் செருகாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்) தருகிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எஸ்21 எஃப்இ-யில் இரண்டு சிம் செருகும் வகை பல இடங்களில் விற்றது, ஆனால் எல்லாமே அப்படி இல்லை. சிம் தட்டை வெளியே இழுத்துப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

போனைக் கையில் வாங்கும் நாளுக்கு இனி வருவோம். அவசரப்படாமல் ஒரு மணி நேரமாவது எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து போகும்போது சார்ஜரும் கம்பியும் அம்மாவின் இரண்டு சிம்மும் கொண்டுபோங்கள்.

மேசையில் வைத்து ஆடுகிறதா, பின்மூடியிலோ திரையிலோ இடைவெளி தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு *#06# அழுத்தி வரும், ஒவ்வொரு போனுக்கும் தனியான அடையாளமான ஐஎம்இஐ எண்ணைப் பெட்டியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். திருட்டு போன் பட்டியலை உங்கள் நாட்டில் பொதுமக்கள் பார்க்க முடியுமென்றால் அதிலும் தேடுங்கள். அமைப்புகளில் கடைசியாக வந்த பாதுகாப்பு அப்டேட்டின் தேதியைப் பாருங்கள். பல மாதம் பின்தங்கியிருந்தால் காரணம் கேளுங்கள். அங்கேயே வைஃபையில் இணைத்து அப்டேட் போடச் சொல்லுங்கள். பிக்சல் என்றால் இதை விடவே கூடாது, அந்த பேட்டரி அப்டேட் போடப்பட்டிருக்கிறதா என்பது இங்கேதான் தெரியும்.

திரையைச் சோதிக்க முழுக் கறுப்பான படம் ஒன்றும் முழு வெள்ளையான படம் ஒன்றும் கையில் வைத்திருங்கள். வெளிச்சம் குறைந்த மூலையில் கறுப்புப் படத்தைத் திறந்தால் ஓலெட் திரை அணைந்ததுபோல இருட்டாகிவிட வேண்டும். சாம்பலாக ஒளிர்ந்தால் யாரோ மலிவான எல்சிடி மாட்டியிருக்கிறார்கள். வெள்ளைப் படத்தில் பழைய பொத்தான்களின் நிழல் படிந்திருக்கிறதா, பச்சைக் கோடு ஏதாவது ஓடுகிறதா என்று பாருங்கள். எஸ்21 எஃப்இ-யில் *#0*# அடித்தால் சாம்சங்கின் சொந்தச் சோதனைப் பக்கமே வரும்: நிறங்கள், தொடுதல், அதிர்வு, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்த்துவிடலாம்.

கைரேகையைக் கண்டிப்பாகப் பதிந்து பாருங்கள். இரண்டு போனிலும் உணரி திரைக்கு அடியில்தான் இருக்கிறது. எஸ்21 எஃப்இ-யில் மலிவான திரை மாட்டியிருந்தால் கைரேகை வேலை செய்யாமல் போகலாம். பிக்சலில் திரை மாற்றிய பிறகு கூகுள் தரும் அளவுத்திருத்தக் கருவியை ஓட்ட வேண்டும். ஓட்டாமல் விட்டிருந்தாலும் உணரி மறுக்கும். பிக்சல் 6ஏ-யின் உணரி நல்ல நிலையிலேயே கொஞ்சம் மெதுவானது. வறண்ட விரல் உள்ள பெரியவர்களுக்கு அது சிரமம் தரும் என்பதால், முடிந்தால் அம்மாவையே கூட அழைத்துப்போய் அவர் விரலால் சோதியுங்கள்.

பிறகு விற்பவர் கண்முன்னே அவருடைய கூகுள் கணக்கை நீக்கச் சொல்லுங்கள், சாம்சங் என்றால் சாம்சங் கணக்கையும். அதற்குப் பிறகு போனை முழுதாக அழித்து, முதலிலிருந்து அமைக்கும்போது பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கவில்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். கேட்டால், விற்பவர் அங்கேயே சரிசெய்து தரும் வரை பணம் கொடுக்க வேண்டாம். எஸ்21 எஃப்இ-யில் தனிப்பட்ட கோப்புகளைப் பூட்டி வைக்கும் செக்யூர் ஃபோல்டர் திறக்கிறதா என்றும் பாருங்கள். போன் தொடங்கும்போது மென்பொருளை ஏற்றும் பூட்லோடரை யாராவது திறந்து வேறு மென்பொருள் போட்டிருந்தால் சாம்சங்கின் பாதுகாப்பு அமைப்பான நாக்ஸ் நிரந்தரமாக முடங்கியிருக்கும், அந்த ஃபோல்டர் திறக்காது. அப்படிப்பட்ட போனில் சில வங்கி ஆப்களும் தகராறு செய்யும்.

கடைசியாக, சார்ஜில் போட்டு இருபது நிமிடம் ஒரு வீடியோ கால் பேசுங்கள், ஒவ்வொரு சிம்மிலிருந்தும் ஒரு சாதாரண அழைப்பும் செய்யுங்கள். இளஞ்சூடு ஏறுவது இயல்பு. கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சுட்டாலோ, சார்ஜில் இருந்தும் சதவீதம் இறங்கினாலோ, நாற்பதிலிருந்து திடீரென்று முப்பதுக்குத் தாவினாலோ அந்த பேட்டரி முடிந்துவிட்டது. இருபது நிமிடம் சார்ஜில் வைத்துப் பார்க்க விடாத விற்பனையாளரிடம் எதையும் வாங்காதீர்கள்.

எதை வாங்கினாலும் அம்மாவிடம் கொடுக்கும் முன் அமைப்புகளுக்குப் போய் சார்ஜ் 80 சதவீதத்தில் நிற்கும்படி வைத்துவிடுங்கள். எஸ்21 எஃப்இ-யில் பேட்டரிப் பாதுகாப்பு என்ற இடத்தில் இருக்கும், பிக்சல் 6ஏ-க்கு 2024 டிசம்பர் அப்டேட்டிலிருந்து இந்த வசதி வந்தது. வெளியூர் போகிற நாளில் மட்டும் நூறு வரை ஏற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.